லேமினேட் செய்த இரண்டு வருடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் அல்ல, வெளிநாட்டில் இரண்டு வருடம் படித்துத் தேறிய முட்டாள்.

மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் முடித்துவிட்டு, வேறொன்றுக்கு மாற முடிவு செய்தேன். பாடத்திட்டம் சரியில்லை என்று வாப்பாவிடம் சொன்னேன். (உண்மை: அந்த ஊரில் இலங்கையன் நான் ஒருவன்தான். கூட்டாளி ரிஸ்னி மற்றப் பல்கலைக்கழகத்தில் இருந்தான்.) புதிய இடத்தார் நல்லவர்கள். பழைய புள்ளிகளை ஏற்று நேரே மூன்றாம் வருடத்தில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை: பழைய இடத்தில் தரும் பெறுபேற்றுப் பத்திரத்தை, முத்திரையிட்ட உறையோடு அப்படியே கொண்டுவர வேண்டும்.

உறை கிடைத்தது. அதையும் கொண்டு விடுமுறைக்குக் கற்பிட்டிக்கு வந்தேன்.

எங்கள் ஊரில் கடதாசி உயிரோடு இருப்பது கஷ்டம். ஒரு பக்கம் உப்புக் காற்று, மறுபக்கம் கறையான். ஆகவே எங்கள் வீட்டில் எல்லாமே லேமினேட்தான். பிறப்புச் சான்றிதழ், ஓ.எல். பெறுபேறு, மூன்றாம் வகுப்புச் சாக்கு ஓட்டத்தில் நான் மூன்றாமிடம் வந்த சான்றிதழ் (ஓடியது மூன்று பேர்) வரை. உம்மா உறையைத் தடவிப் பார்த்தார்.

"இது இப்பவே நமுத்துப் போச்சே மகன்."

'திறக்க வேண்டாம்' என்று உறையில் எழுதியிருந்தது. வாசித்தேன். அது கள்ளருக்குச் சொன்னது, எனக்கல்ல என்று தீர்மானித்தேன். பஸ் ஏறிப் புத்தளம் டவுனுக்குப் போய், லேமினேட் கடையில் வைத்தே உறையைக் கிழித்தேன்.

கடைக்கார நானா (எங்கள் ஊரில் அண்ணனை நானா என்போம்) கேட்டார்: "தம்பி, கவரையும் போட்டுத் தரவா?"

"வேணாம் நானா, அது குப்பை."

விடுமுறை முடிந்து போனபோது, புதிய பல்கலைக்கழகத்தின் பதிவு அலுவலகத்தில் ஓர் அம்மணி பத்திரத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உறை எங்கே?"

"திறந்துட்டேன் மேடம். ஆனா பாருங்க, தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் களைப்பாக இருக்கிறது. "வெள்ளிக்கிழமைக்குள் புதிய உறை வேண்டும்" என்றார். பழைய இடத்துக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். நான் விலகிவிட்டதால் கோப்பை மூடிவிட்டார்களாம், இன்னொரு பிரதிக்கு மூன்று வாரம் செல்லுமாம். பழைய மாணவர் விசாவும் ரத்து. கையில் இருந்த தற்காலிக அனுமதியும் அந்த வாரத்தோடு சரி.

அன்று பின்னேரம் ரிஸ்னியின் அறையில் எனக்கொரு ஞானம் பிறந்தது. சூட்டில் ஒட்டியது சூட்டில் கழலத்தானே வேண்டும்? பிளாஸ்டிக்கை உரித்துவிட்டால் அம்மணி மனம் இரங்கக்கூடும். அயன் பெட்டியைச் சூடாக்கி வைத்தேன். பத்திரம் ஒரு ஓரத்திலிருந்து சுருண்டு, நடுவில் பொங்கி, கணக்கியலையும் புள்ளிவிபரவியலையும் விழுங்கியது.

ரிஸ்னி அதை ஒரு விரலால் தட்டிப் பார்த்தான். பிறகு, "மச்சான், ரெண்டு வருஷம் படிச்சுப் பப்படம் பொரிச்சிருக்காய்" என்றான்.

ஊருக்கு வந்தேன். அடுத்த சேர்க்கைக்கு ஒரு வருடம் இருந்தது. பள்ளிவாசலில், சலூனில், பஸ்ஸில், காண்பவரெல்லாம் "எப்ப போற?" என்று கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் தாடி வளர்த்து அடையாளத்தை மறைத்துப் பார்த்தேன். "தாடியோட எப்ப போற?" என்று கேட்டார்கள்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து பட்டமும் எடுத்தேன், என்னைவிட ஒரு வயது இளைய தங்கச்சி பட்டமெடுத்த அதே வருடம். எங்கள் வீட்டில் இன்றும் காலக்கணக்கு அந்த வருடத்தை வைத்துத்தான். பூனை எப்போது குட்டி போட்டது? நானா சும்மா இருந்த வருஷம். கூரைக்கு ஓடு மாற்றியது? நானா சும்மா இருந்ததுக்கு அடுத்த வருஷம்.

போன மாதம் வாப்பாவின் கருவாட்டுக் கடையில் இந்தக் கதை மறுபடி எழுந்தது. எனக்கும் ரோசம் வந்தது.

"வாப்பா, மத்தவன் நாலு வருஷத்தில முடிச்சத நான் அஞ்சு வருஷமாப் படிச்சிருக்கேன். எனக்கு அறிவு கூடத்தானே இருக்கும்?"

வாப்பா தராசிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"காணல்ல."