தமிழழகன் வாங்கிய நிஜக் கலர் டார்ச்

தமிழழகன் ஒரு டார்ச் வாங்குவதென்று முடிவெடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் மூன்றே நிமிடத்தில் தலையாட்டிவிட்டு வந்தவன் அவன். ஆனால் விரல் நீள டார்ச் ஒன்றுக்காக நூற்றுப் பதினான்கு வீடியோ பார்த்திருந்தான். பெண்ணுக்கு வீடியோ கிடையாது என்பதை அவன் சார்பில் சொல்லிவிட வேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. செட்டிகுளத்தில் அவனுக்கு ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயம். பறித்ததைக் காயவைத்துப் பட்டறை போட்டு வைத்திருந்தான். சுற்றிலும் தட்டி, மேலே கூரை, உள்ளே இருட்டு. போன மாதம் வியாபாரி வந்தபோது செல்போன் லைட்டை உள்ளே அடித்து, "நல்லா பாத்துக்கங்க, ஒரு காய் அழுகல் கிடையாது" என்று நெஞ்சை நிமிர்த்தினான். வியாபாரி ஒரு கூடை அள்ளி வெயிலில் கொட்டினார். பாதிக் காயில் கரும்பூஞ்சை. செல்போன் வெளிச்சத்தில் நல்ல காய், கெட்ட காய், வியாபாரியின் மூக்கு எல்லாமே ஒரே சாம்பல் நீலமாகத்தான் தெரிந்திருந்தன. வியாபாரி திட்டியிருந்தால் பரவாயில்லை. சிரித்தார். அது தமிழழகனுக்கு ஆறவே இல்லை.

இனி அவன் மனைவி ஜெயசித்ரா தடுக்காமல் இருக்க வேண்டும். அதுதான் சிக்கல். அவள் என்னென்ன கேட்பாள் என்று யோசித்து ஏழு பதில்களைத் தயார் செய்துகொண்டு, ஒரு நாள் சாப்பிட்டு முடித்த கையோடு ஆரம்பித்தான்.

"சித்ரா, ஒரு டார்ச் வாங்கலாம்னு இருக்கேன்."

"வாங்குங்க."

ஏழு பதிலுக்கும் வேலையில்லாமல் போனது.

"போன்லதான் லைட்டு இருக்கேன்னு கேப்பியே?"

"கேக்கலியே."

"கேளு."

"சரி, கேட்டுட்டேன். சொல்லுங்க."

"சூரிய வெளிச்சத்துக்கு நூறு மார்க்குன்னு வச்சுக்க. எந்தக் கலரும் உள்ளது உள்ளபடி தெரியும். நம்ம போன் லைட்டுக்கு எழுபதுதான். நான் பாத்து வச்சிருக்கறதுக்குத் தொண்ணூத்தஞ்சு!"

"மிச்ச அஞ்சு எங்க போச்சு?"

இது அந்த ஏழில் இல்லாத கேள்வி. தமிழழகன் பேச்சை மாற்றினான்.

"இதுல ரெண்டு இருக்கு. ஒண்ணு ஒரு கிலோமீட்டர் வரைக்கும் அடிக்கும், கலர் சுமார். இன்னொண்ணு முப்பது அடிதான் அடிக்கும், ஆனா கலர் அப்படியே அச்சா தெரியும். அதான் கொழப்பமா இருக்கு."

"ஒரு கிலோமீட்டர் தள்ளி நமக்கு என்ன இருக்கு?"

தமிழழகன் யோசித்துப் பார்த்தான். ஒரு கிலோமீட்டர் தள்ளி அவன் பங்காளி வீடு இருந்தது. பேச்சுவார்த்தை கிடையாது.

"ஒண்ணும் இல்ல."

"அப்ப கலர் தெரியறதையே வாங்குங்க. வாங்கறதுதான் வாங்கறீங்க, நல்லதா வாங்குங்க."

பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவன் கேட்டதில்லை. கேட்டது கிடைத்துவிட்ட மனுஷனுக்குச் சந்தேகம் வராது. அன்றைக்கே ஆர்டர் போட்டான்.

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. சட்டைப் பையில் பேனா மாதிரி செருகிக்கொள்ளக் கிளிப், சார்ஜ் போட ஓர் ஓட்டை, ஒரே ஒரு பட்டன். தமிழழகன் அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான். மனசு குளிர்ந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி அரியமுத்துவோடு விசுவக்குடி அணைப் பக்கம் போய், மீன் வாங்கி அங்கேயே அடுப்பு மூட்டி வறுத்துத் தின்பதாக ஒரு மாதமாகத் திட்டம். டார்ச்சின் வெள்ளோட்டத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம், அரியமுத்து வயிறு எரிவதைக் கண்ணால் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

"புடிக்கலன்னா பத்து நாளுக்குள்ள திருப்பி அனுப்பலாமாமே?" என்றாள் ஜெயசித்ரா, அட்டையைத் திருப்பிப் பார்த்தபடி.

"அனுப்பலாம். ஏன்?"

"சும்மா கேட்டேன். உண்மையாலுமே கலர் தெரியுதான்னு பாத்துருவோமே."

பக்கத்து வீட்டுப் பூவிழியைக் கூப்பிட்டாள். பூவிழி வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். வரும்போதே ஒரு பை நிறைய வெட்டுத்துணி கொண்டுவந்தாள். கூப்பிட்டவுடன் அவள் எப்படிப் பையோடு வந்தாள் என்று தமிழழகன் யோசித்திருக்கலாம். அவன் டார்ச்சைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சாமான் ரூமுக்குள் மூவரும் போய்க் கதவைச் சாத்தினார்கள். பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. தமிழழகன் பட்டனை அழுத்தினான்.

"இது என்னண்ணே?" என்று ஒரு துணியை நீட்டினாள் பூவிழி.

"அரக்கு."

"இது?"

"குங்குமக் கலரு. அரக்கு மாதிரி இருக்கும், ஆனா இல்ல."

"இதுல எது கிளிப்பச்சை, எது இலைப்பச்சை?"

"வலது கையில கிளி, இடது கையில இலை. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

மயில் கழுத்து, கத்திரிப்பூ, பாக்குக் கலர் என்று வரிசையாக வந்தன. எதிலும் அவன் தடுமாறவில்லை. கடைசியாக ஜெயசித்ரா ஒரு துணியை நீட்டினாள்.

"இது ரோஸ்தானே?"

"ரோஸா! வெங்காயத்தோல் கலருடி. அதுவும் பட்டறையில கெடந்த வெங்காயம் இல்ல. பறிச்சு மூணு நாள் காஞ்சது."

பூவிழி கைதட்டினாள். தமிழழகன் டார்ச்சை அணைத்துப் பைக்குள் செருகி, மீசையைத் தடவினான்.

"அப்ப உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல" என்றாள் ஜெயசித்ரா.

தமிழழகனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கல்யாணமான புதிதில் ஒருமுறை, சேலைக்கு மேட்சிங் ஜாக்கெட் பிட் எடுத்துவர அவனைப் பெரம்பலூருக்கு அனுப்பினாள். பெண்கள் கூட்டத்துக்கு நடுவே மூன்று மணி நேரம் நின்று, கிளிப்பச்சைக்குப் பாட்டில் பச்சை எடுத்து வந்தான். திரும்ப அனுப்பினாள். பாசிப் பச்சை வந்தது. மூன்றாம் முறை அவள் பையைத் தூக்கியபோது, "எனக்குப் பொறவியிலேயே கலர் புடிபடாது சித்ரா, எங்க அப்பாருக்கும் அப்படித்தான்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அவள்கூடப் பாவப்பட்டாள். அன்றைக்குக் கழன்றவன்தான். பன்னிரண்டு வருடமாக அந்தக் கடைப் படியை அவன் மிதித்ததே இல்லை.

"கோளாறு இருந்துச்சு சித்ரா. டார்ச்சு சரி பண்ணிருச்சு."

"அதான் டார்ச்சு வந்துருச்சே."

"கடை லைட்டுல எல்லாமே மாறித்தான் தெரியும்."

"அதுக்குத்தானே டார்ச்சு."

"இது முப்பது அடிக்கு மேல அடிக்காது."

"பிட்டுத் துணிய முப்பது அடி தள்ளி வச்சா பாப்பாங்க?"

பூவிழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அரும்பாவூருல எங்கண்ணன் புது வூடு குடி போவுதுல்ல. எங்க வூட்டுப் பொம்பளைங்க சேலை எட்டு இருக்கு, எட்டுக்கும் பிட்டு எடுக்கணும். திங்கக்கிழமைக்குள்ள குடுத்தாத்தான் தைக்க முடியும்ங்கறா பூவிழி. ஞாயித்துக்கிழமை எனக்கு வெங்காயத் தாள் அறுக்க ஆளு வருது. நீங்கதான் போவணும்."

"ஞாயித்துக்கிழமை அரியமுத்து..."

"டார்ச்சு சரியில்லன்னு சொல்லுங்க, போவ வேணாம். இன்னும் பத்து நாள் முழுசா இருக்கு. திருப்பி அனுப்பிருவோம்."

தமிழழகனின் கை தானாகவே சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுச் சேலைகளோடு பெரம்பலூரில் இறங்கினான். வைரக்கண்ணுவின் மேட்சிங் கடையில் வழக்கம்போலக் கூட்டம். பெண்கள் பிட்டையும் சேலையையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, வெயிலில் ஒட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கித் திரும்பி வந்தார்கள். தமிழழகன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. டார்ச்சை அடித்தான், பிட்டை ஒட்டினான், "இது இல்ல, இதுக்கு அடுத்தது" என்றான். ஏழு சேலைக்கு ஏழு பிட்டு. முக்கால் மணி நேரம்.

அவனுக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து அரியமுத்து போன் செய்தான். பேசக்கூட இல்லை. எண்ணெயில் மீன் பொரிகிற சத்தத்தை மட்டும் கேட்கவைத்தான்.

தமிழழகன் போனைப் பைக்குள் போட்டான். இதை இப்படியே விட்டால் ஆயுசு முழுக்க ஞாயிற்றுக்கிழமை கிடையாது. எட்டையும் தப்பாக எடுத்தால் டார்ச் போய்விடும். ஒன்றே ஒன்றைத் தப்பாக எடுத்தால்? வேலைக்கு லாயக்கில்லை என்று அவனை விட்டுவிடுவார்கள், டார்ச்சும் தங்கும். ஆகா, என்ன மூளை என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டான்.

எட்டாவது, அவளுடைய அண்ணியின் வாடாமல்லிச் சேலை. கடையையே ஒரு சுற்றுப் பார்த்து, கண் கூசுகிற கிளிப்பச்சைப் பிட்டை இழுத்துப் போட்டான்.

"இதுக்கு இதுவா, சார்?" என்றார் வைரக்கண்ணு.

"இதேதான். வெட்டுங்க."

மத்தியானம் வீட்டு வாசலில் ஜெயசித்ரா ஒவ்வொன்றாக வெயிலில் விரித்துப் பார்த்தாள். பூவிழியும் கூட நின்றாள். ஏழும் நூல் பிசகவில்லை. எட்டாவதைப் பிரித்தபோது தமிழழகன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அது ஒண்ணு மட்டும் தப்பிப்போச்சு போலருக்கு. என்ன இருந்தாலும் என் கண்ணு..."

"யக்கா, கான்ட்ராஸ்ட்டு!" என்று கத்தினாள் பூவிழி. "வாடாமல்லிக்குக் கிளிப்பச்சை! டவுன்ல இப்ப இதுதான ஓடுது. எனக்கே தோணலியே!"

ஜெயசித்ரா துணியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"ஏழ அச்சுப் பிசகாம எடுத்தவரு எட்டாவதத் தெரியாமயா எடுத்திருப்பாரு? வேணும்னேதான் எடுத்திருக்காரு. இல்லீங்களா?"

அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. இல்லை என்றால் இது மட்டும் எப்படித் தப்பியது என்று குடைவாள். ஆமாம் என்றால் கெட்டிக்காரனாகிவிடுவான். தமிழழகன் "ஆமா" என்றான்.

போட்டோ அரும்பாவூருக்குப் போனது. அண்ணியிடமிருந்து உடனே பதில் வந்தது: தமிழழகன் அண்ணன் இவ்வளவு ரசனையான ஆளா, இத்தனை நாளா தெரியாமப் போச்சே.

பூவிழி விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய், பெரிய கட்டைப்பை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து தமிழழகன் காலடியில் வைத்தாள். தைக்கக் கொடுத்தவர்களின் சேலைகள். மேலாகத் தெரிந்தது மட்டுமே பதினொன்று.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வெள்ளனே கெளம்பிருங்க" என்றாள் ஜெயசித்ரா. "டார்ச்சக் குடுங்க, நான் சார்ஜுல போடறேன்."