காதுவில்லை இல்லாத கர்ப்பிணி

அரசாங்கத்துக்குக் கர்ப்பிணிகள் மேல் அளவில்லாத கருணை உண்டு. அந்தக் கருணைக்கு நடக்கத்தான் தெரியாது. ஓர் ஊரில் உட்கார்ந்திருப்பவளிடம் மட்டும் வந்து சேரும்.

ஜம்கு உட்காருகிறவள் இல்லை. குஜராத்தின் கட்ச் பக்கத்தில் ஆடு மேய்த்துத் திரியும் ரபாரி இனத்துப் பெண். பருத்தி எடுத்து முடித்த வயல்களில் மந்தை மேயப் போகிற வழியெல்லாம் அவளுக்கு ஊர்தான். தலைப்பிள்ளை வலி கண்டதும் அவளும் புருஷன் கானாவும் வழியிலிருந்த சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அவள் கையில் வளர்ந்த செம்மறி ஒன்றும் துரத்தத் துரத்தப் பின்னாலேயே வந்தது.

"எந்த ஊரு, பென்?" என்று தங்கச்சி முறை வைத்துக் கேட்டார் அதிகாரி வோரா.

"இன்னைக்கு இந்த ஊரு, சாஹேப்."

"நாளைக்கு?"

"மேய்ச்சல் எங்கயோ அங்க."

"நிரந்தர விலாசம் இல்லாத வயித்தை எதுல சேர்க்கிறது?"

"எதுலயும் சேர்க்க வேண்டாம் சாஹேப். பிள்ளையை எடுத்து விட்டாப் போதும். வலி தாங்கல!"

"வலி இருக்கட்டும்மா, விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

அப்போதுதான் அவர் பார்வை செம்மறியின் காதில் விழுந்தது. கால்நடைத் துறை பதிவு எண்ணோடு குத்திய மஞ்சள் வில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆட்டுக்கு விலாசம் இருக்கே! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

ஆகவே, மேற்படி செம்மறியைச் சார்ந்த பெண் என்ற முறையில் ஜம்கு அனுமதிக்கப்பட்டாள். செம்மறி உடனிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதைக் கட்டில் காலில் கட்டினார்கள். நர்ஸ் "முக்கு, முக்கு" என்று கத்தும்போதெல்லாம் அதுவும் தன் பங்குக்குக் கத்தியது. பெண் பிறந்தது. தாய்க்கான சத்துமாவு செம்மறியின் பெயரில் வந்தது. செம்மறியே தின்றது.

ஒட்டகத்தின் மேல் தங்கள் கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துக் கட்டி, கட்டில் கால்களுக்கு நடுவே பிள்ளையையும் ஆட்டுக்குட்டிகளையும் சேர்த்துக் கிடத்திக்கொண்டு ஜம்கு புறப்பட்டாள்.

மறுவருஷம் மந்தை வேறொரு வயலில் கிடந்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் வோரா.

"பெட்டியைப் பிரிக்கிறதுக்குள்ள வேற ஊருக்கு மாத்திடறாங்க, பென். சம்சாரத்துக்கு வலி எடுத்திருச்சு. இங்க ஆஸ்பத்திரியில என்னையே எந்த ஊருன்னு கேக்கறான்! வில்லை குத்தின ஆடு ஒண்ணு குடேன்."

ஜம்கு பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"நாளைக்கு எந்த ஊரு, சாஹேப்?"

"உத்தரவு எங்கயோ அங்க."

"ஒரு ஊர்ல நிக்காத ஆளை நம்பி ஆட்டை எப்படி அனுப்புறது?"

கானா விழுந்து விழுந்து சிரித்தான். ஜீப்புக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. ஜம்குவுக்குத் தெரிந்த முனகல். சிரித்தவனை முறைத்துவிட்டு, செம்மறியைத் தூக்கி அந்தம்மாவின் பக்கத்தில் ஏற்றினாள்.

"சாஹேப், சத்துமாவு ஆட்டுக்குத்தான். விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"