செருப்புப் போலீஸும் ஜவ்வரிசிக் களமும்

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற ஆளை மட்டும் திருத்த வேண்டாம். அவரை யாராலும் திருத்த முடிந்ததில்லை.

சின்னசேலம் வட்டாரத்தில் முதலாளி முதல் தெருநாய் வரை அத்தனை பேரையும் காலைக் கழுவ வைத்த ஒரே மனிதர் அவர்தான். பெயர் எனக்கே மறந்துவிட்டது. எல்லாருக்கும் அவர் செருப்புப் போலீஸ்.

எங்கள் ஜவ்வரிசி ஆலையில் எனக்கு வறுக்கும் வேலை. வறுத்ததைச் சிமெண்ட் களத்தில் வெயிலில் பரப்புவோம். அந்தக் களத்துக்கு அவர் காவல். ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிவிட்டுத்தான் களத்தில் கால் வைக்கவேண்டும்.

ஒருமுறை சோதனைக்கு வந்த அதிகாரி பூட்ஸோடு ஏறப் போனார். போலீஸ் குறுக்கே நின்றார்.

"இன்னாங்க சார், உங்க வூட்டுப் பாயசத்துல பூட்ஸு காலை வுடுவீங்களா?"

அதிகாரி முணுமுணுத்தபடி கழற்றினார். காலுறையின் ஓட்டை வழியே கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. களத்துப் பெண்கள் ஜவ்வரிசியைக் கிளறுவதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அந்த அதிகாரி அப்புறம் சோதனைக்கு வந்ததே இல்லை.

நாய் கதை இன்னும் மோசம். களத்தில் ஓடிய நாயை விரட்டிப் பிடித்துத் தொட்டியில் காலைக் கழுவிவிட்டார். அது உதறிய சேற்றுத் தண்ணீரில் அன்றைய ஜவ்வரிசி பாதி வீணானது.

பிறகு கல்வராயன் மலையிலிருந்து வரும் மரவள்ளி லோடு குறைந்தது. செடியைத் தாக்கும் மாவுப்பூச்சிக்குப் பயந்து விவசாயிகள் பலர் மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். வந்த கிழங்கையும் பெரிய ஆலைகள் வாரிக்கொண்டன. ஒரு நாள் எங்கள் ஆலையைப் பூட்டினார்கள். பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். நான் கொத்தனாருக்குக் கையாளானேன்.

போலீஸ் மட்டும் தினமும் வந்து களத்தைப் பெருக்கினார். சம்பளம் கிடையாது.

"களம் சுத்தமா கீதுன்னா எவனாவது குத்தகைக்கு எடுப்பான் தம்பி. சேறாக் கெடந்தா எவன் வருவான்?"

அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "வூட்டு வாசலைப் பெருக்க நாதியில்ல. ஓடாத ஆலையைப் பெருக்கிக்கினு கீறாரு உங்க போலீசு."

குத்தகைக்கு யாரும் வரவில்லை. பழைய இரும்பு வாங்கும் பாய்தான் லாரியோடு வந்தார். அன்று சுமை தூக்க நானும் போயிருந்தேன். லாரி களத்தில் ஏறுவதற்குள் போலீஸ் குறுக்கே நின்றார்.

"டயரைக் கழுவிக்கினு ஏறச் சொல்லுங்க பாய்."

"லாரிக்கு ஏதுய்யா செருப்பு? ஆலையே போய்க்கினு கீது, களம் எதுக்கு?"

"நாளைக்கே எவனாவது தொறந்தான்னா? டயர் சேத்துமேலயா காய வெப்பான்?"

பாய் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், "கழுவிடுப்பா" என்றார்.

தொட்டியிலிருந்து நான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். டயரில் தரையோடு அழுந்திய பக்கத்தையும் கழுவ, அது அரைச் சுற்று உருளும்படி லாரியை நகர்த்தச் சொன்னார் போலீஸ். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

கொதிகலன், அரவை இயந்திரம், வறுப்புத் தட்டு எல்லாம் ஏறின. லாரி போனபின் களத்தின் நடுவில் கறுப்பாக எண்ணெய் ஒழுகிக் கிடந்தது. போலீஸ் துடைப்பத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுச் சுவரில் சாத்தினார். ஓரத்தில் கிடந்த தன் செருப்பை மாட்டிக்கொண்டு களத்தின் நடுவிலேயே நடந்து வெளியே போனார்.

இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடை வாசலில் வாட்ச்மேனாக நிற்கிறார். போன வாரம் அங்கே போனேன். அவரைப் பார்த்ததும் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது.

"இங்க அதெல்லாம் கேக்கறதில்ல. போட்டுக்கினே போ தம்பி" என்றார்.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

எழுதியது: ஆயுதபூசை அன்று.