மூங்கில்தான் வேண்டும் என்றேன்

அரசாங்கக் காசில் எதை வாங்கிக் கொடுத்தாலும், எதற்கென்று கொடுத்தோமோ அதற்கு மட்டும் நம் மக்கள் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். இதைப் பயிற்சி வகுப்பில் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. (மத்தியானச் சாப்பாடு மட்டும் பிரமாதம்.)

எரியோட்டுப் பக்கம் ஒரு பேரூராட்சியில் இளநிலை உதவியாளராக இருந்தேன். தகுதிகாண் பருவம் முடியும் நேரம். செயல் அலுவலர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் வேலை நிரந்தரம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானோ திண்டுக்கல்லில் ‘சுற்றுச்சூழலைக் கெடுக்காத கொள்முதல்’ பற்றி ஒரு நாள் பாடம் கேட்டுவிட்டு, பூமியே என் தலையில்தான் நிற்கிறது என்ற நினைப்பில் திரும்பியிருந்தேன்.

ஈரக் குப்பையைத் தனியாகப் போட வீட்டுக்கு வீடு டப்பா கொடுக்க வேண்டும். எல்லா ஊரிலும் பச்சைப் பிளாஸ்டிக் டப்பாதான். நான் விடவில்லை. மூங்கில் கூடை வாங்குவோம், உள்ளூரில் முடைகிறவர்களிடமே வாங்குவோம் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

“ஏம்மா, ஊரே டப்பா வாங்குது. நீ எதுக்கு ஏழரையக் கூட்டுற?” என்றார் செயல் அலுவலர்.

“மக்கும் சார்! கூடையே மக்கும்!”

(ஈரக் குப்பை போட்டால் கூடை ஒழுகும் என்பது என் எம்.காம். மூளைக்கு எட்டவே இல்லை.)

நல்ல அகல வாயோடு கூடைகள் வந்தன. சனங்கள் ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டார்கள். சில வீட்டில் இன்னொன்று தரச் சொல்லிச் சண்டையே போட்டார்கள். விழிப்புணர்வு வந்துவிட்டது என்று பூரித்துப் போனேன். குப்பைக்கு எவனாவது சண்டை போடுவானா? சனியன், அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி பார்வையிட வந்தார். “நம்ம பொண்ணோட யோசனை மேடம்” என்று செயல் அலுவலர் என்னை முன்னால் தள்ளிவிட்டார். முதல் தெருவில் வாசலுக்கு வாசல் கூடை கவிழ்ந்து கிடந்தது.

“கழுவிக் காய வச்சிருக்காங்க மேடம்” என்றேன் பெருமையாக.

அதிகாரி குனிந்து ஒரு கூடையைத் தூக்கினார். உள்ளேயிருந்த தாய்க்கோழி அவர் முகத்துக்கு நேராகப் பாய்ந்தது. கண்ணாடி ஒருபக்கம் தெறித்தது. குஞ்சுகள் சாக்கடைப் பக்கம் சிதறின.

“எவடி அது பஞ்சாரத்தத் தூக்குனது?” என்று வீட்டுக்குள்ளிருந்து பாண்டியம்மாள் அக்கா ஓடி வந்தார். (கோழி மேல் கவிழ்த்து மூடுகிற கூடைக்கு எங்கள் பக்கம் பஞ்சாரம் என்று பெயர்.) “காக்கா தூக்கிட்டுப் போனா யாரு பொறுப்பு? அம்புட்டுக் குஞ்சையும் பிடிச்சுக் குடுத்துட்டுப் போங்க!”

பிடித்தோம். வெள்ளைச் சட்டையோடு சாக்கடை ஓரம் மண்டி போட்டு, “பா... பா...” என்று செயல் அலுவலர் குஞ்சைக் கூப்பிட்டபோதே என் வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

“அக்கா, அது குப்பைக்குக் குடுத்த கூடை!” எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“குப்பையத்தேன் போடுறோம். மீந்த சோறு, காய்த்தோலு எல்லாத்தையும் போட்டுக் கோழியோட கவுத்துருவோம். அது தின்னுருது. இடுக்கு வழியாத்தேன் குஞ்சு வெளிய வந்துருது. அடுத்த தடவ நெருக்கமா முடையச் சொல்லு தாயி.”

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து பார்த்தார். ஓரிடத்திலும் ஈரக் குப்பை இல்லை. “இந்தத் தெருவுல மக்குற குப்பை சேரலைன்னு எழுதிக்கங்க” என்று சொல்லிவிட்டு அவசரமாக ஜீப்பில் ஏறினார். ஜீப் கிளம்பிய பிறகு உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

செயல் அலுவலர் எனக்கு நல்லபடியாகவே எழுதிக் கொடுத்தார். “இனிமே இந்த ஆபீசுக்கு ஒரு குண்டூசிகூட நீ வாங்கக் கூடாது” என்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு வைத்தால், என் வீட்டுக்காரர் முதல் துண்டை என் தட்டில் வைத்துவிட்டுச் சொல்வார்: “ஒனக்கு வேல வாங்கிக் குடுத்த தெய்வம். கும்புட்டுட்டுச் சாப்புடு.”