மைக்கில் சொன்ன எடை

வாழ்க்கையில் நான் ஒரே ஒரு முறைதான் அவமானப்பட்டிருக்கிறேன். (என் வீட்டுக்காரி இதைப் படித்தால், "ஒரே ஒருக்காத்தானுங்களா?" என்று கேட்பாள். கேட்கட்டும்.) ஆனால் அந்த ஒரு முறையும் மைக்கில்.

என்னைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. மற்றவர்கள் சரியாகச் சொல்வதில்லை என்பதால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். மீசை முளைப்பதற்கு முன்பே சிங்காநல்லூரில் ஒரு பவுண்டரியில் மணல் சலிக்கச் சேர்ந்தேன். இன்று அதே தெருவில் எனக்குச் சொந்தமாக ஒரு பவுண்டரி இருக்கிறது. இரும்பைக் காய்ச்சி, மணல் அச்சில் ஊற்றி, மோட்டார் பம்புகளுக்கு உடம்பு செய்து தருகிறோம். கோயமுத்தூரைச் சுற்றி எந்தக் கிணற்றில் தண்ணீர் மேலே ஏறினாலும் பாதி என் பம்புதான். மீதிப் பாதி, என் பம்பைப் பார்த்துச் செய்தது.

இன்னொரு திறமையும் எனக்கு உண்டு. எதையும் கையில் தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவேன். என் மகள் பிறந்தபோது, நர்ஸம்மா தராசை எடுத்து வருவதற்குள் குழந்தையின் எடையைச் சொல்லிவிட்டேன். (அந்தம்மா என்னை வெளியே போகச் சொன்னது வேறு விஷயம்.)

இவ்வளவு பெரிய ஆளுக்கும் ஒரு குறை இருந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், பெரிய பையன்கள் குண்டு எறிவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். தோளில் வைத்து, கன்னத்தோடு ஒட்டி, ஒரு முக்கல் முக்கி அவர்கள் எறிவார்கள். ஒருநாள் குண்டு உருண்டு என் காலடிக்கே வந்தது. எடுத்தேன். திருப்பி எறிந்தேன். வந்த தூரத்தைவிட அதிக தூரம் போய் விழுந்தது. டிரில் மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "டேய், உன்ற கையில என்னமோ இருக்குதுடா" என்றார்.

இருந்தது. அடுத்த வருஷம் அந்தக் கையில் மணல் சல்லடை இருந்தது.

அதன்பிறகு அந்த நினைப்பை நான் மறந்துபோனேன் என்றுதான் எண்ணியிருந்தேன். சில வருஷங்களுக்கு முன்பு என் மகள் வயிற்றுப் பேத்தி தாரணி, அப்போது எட்டாம் வகுப்பு, ஒரு சாயங்காலம் ஓடிவந்து, "அப்புச்சி! பி.டி. மிஸ் என்னைக் குண்டு எறியறதுக்குச் சேர்த்துக்கிட்டாங்க!" என்றாள். (எங்கள் பக்கம் அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்போம்.) அவ்வளவுதான், வேலியோரத்தில் நின்ற அந்தப் பையன் எனக்குள் துள்ளி எழுந்துவிட்டான்.

ஆனால் ஒரு சிக்கல். என் மாப்பிள்ளை கல்லூரி வாத்தியார். எதையும் பரீட்சையாகவே பார்க்கிறவர். "மாமா, ஜில்லா போட்டியில முதல் ரெண்டு பேருக்குள்ள வந்தா மாநிலப் போட்டிக்கு அனுப்புவாங்க. அதுல வந்துட்டா எறியட்டுங்க. இல்லீன்னா அடுத்த வருசத்துலருந்து சாயங்காலம் டியூசன். அவகிட்டயும் சொல்லிப்போட்டேன்" என்றார். தாரணியும் தலையை ஆட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் சாப்பிடும்போதுகூட வலது கையை முறுக்கி முறுக்கிப் பார்த்துக்கொள்வாள்.

பள்ளியில் அவள் வயதுக்கு இருந்தது ஒரே ஒரு குண்டு. ஆறேழு பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு ரத்தம் கொதித்தது. இரும்பிலேயே குளித்து எழுந்தவனுடைய பேத்தி ஒரு இரும்புக் குண்டுக்கு வரிசையில் நிற்பதா? "நீ போ கண்ணு. நாளன்னிக்கு உனக்குன்னு ஒரு குண்டு வரும்" என்றேன்.

நானே நின்று வார்த்தேன். இங்கேதான் கொஞ்சம் தொழில் பேச வேண்டும். இரும்பு ஆறும்போது சுருங்கும். அந்தக் குறையை நிரப்ப, அச்சுக்குப் பக்கத்தில் ரைசர் என்று ஒரு குழி வைத்து அதிலும் இரும்பை ஊற்றுவோம். சுருங்கச் சுருங்க அதிலிருந்து உள்ளே இறங்கும். ஆறியபின் அதை வெட்டி எறிய வேண்டும். வெட்டிய இடத்தில் ஒரு தழும்பு தெரியும். என் பேத்தியின் குண்டில் தழும்பா? "ரைசர் வேண்டாம், அப்படியே ஊத்து" என்றேன். முழு நிலா மாதிரி வந்தது.

எடை? மூன்று கிலோ இருக்க வேண்டும். கையில் தூக்கிப் பார்த்தேன். "மூணு கிலோ" என்றேன். தராசு பக்கத்திலேயே இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம், பெண் கொடுத்த வீட்டுக்கு அனுப்புகிற எதையும் அளந்து அனுப்பமாட்டோம். அரிசியானாலும் சரி, பலகாரமானாலும் சரி, எடை போட்டால் கஞ்சத்தனம். இரும்புக்கு மட்டும் எடை போடுவேனா?

சென்னிமலைக்குக் கொண்டுபோய் முருகன் முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கொண்டுவந்தேன். பவுண்டரிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் பயிற்சி ஆரம்பமானது. முதல் நாளே குண்டு பறந்தது. நான் ஒரு செங்கல்லை அடையாளமாக வைப்பேன். அவள் அதைத் தாண்டிவிடுவாள். செங்கல்லைத் தள்ளி வைப்பேன்; மறுபடி தாண்டுவாள். கடைசியில் செங்கல் சுவரோரம் போய்ச் சேர்ந்தது.

ஒரு விஷயம் மட்டும் விசித்திரம். விழுந்தபின் குண்டு நேராக உருளாது. குடித்தவன் நடப்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போய், லேசாகத் திரும்பி நிற்கும்.

"ஏனுங்க அப்புச்சி, இது ஏன் திரும்பித் திரும்பிப் போவுது?"

"உன்மேல பாசம் அம்மணி. உன்ற பக்கமே வரப் பாக்குது."

இன்னொரு நாள் சோர்ந்த முகத்தோடு வந்தாள். "பள்ளிக்கூடத்துக் குண்டு இதைவிடக் கனமா இருக்குதுங்க அப்புச்சி. அதுல எனக்குத் தூரமே போவ மாட்டேங்குது."

"பழைய குண்டு சாமி. துரு ஏறிக் கனம் கூடியிருக்கும்."

நாற்பது வருஷம் இரும்போடு வாழ்ந்தவன் சொன்ன வார்த்தை இது. துரு ஏறிய இரும்பு எங்கேயாவது முக்கால் கிலோ கூடுமா? கேட்டிருந்தால் எங்கள் பவுண்டரிப் பூனைகூடச் சொல்லியிருக்கும்.

"மிஸ்ஸு, காலுலருந்து தள்ளு, இடுப்பைத் திருப்புன்னு சொல்றாங்க" என்றாள்.

"காலா? குண்டைக் காலுலயா எறியறாங்க? எல்லாம் கைதான் கண்ணு" என்றேன்.

இதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. (நான்தான் சொன்னேன்.) பேக்கரியில் டீ குடிக்கிற எல்லோருக்கும் தாரணி எறிகிற தூரம் மனப்பாடம். "மாநிலம் என்னங்க மாநிலம், நேரா டெல்லிதான்" என்றேன். ஜில்லா போட்டி அன்று ஒரு டெம்போ டிராவலர் பிடித்து உறவினர்களை ஏற்றினேன். சத்தியமங்கலத்திலிருந்து என் மச்சினன்கூட வந்தான். வண்டியின் பின்னால் பிளெக்ஸ்: ஒரு பக்கம் தாரணி, ஒரு பக்கம் நான், நடுவில் 'தங்க மங்கையை வாழ்த்துகிறோம்'. என் படம்தான் கொஞ்சம் பெரியது.

"ஜெயிக்கறதுக்கு முன்னாடியே எதுக்குங்க இது?" என்றாள் என் வீட்டுக்காரி சரசு.

"அப்புறம் அடிக்க நேரமிருக்காது" என்றேன்.

மைதானத்தில் தாரணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். வட்டத்துக்குள் வந்து நின்றாள். எங்கள் டெம்போ மொத்தமும் எழுந்து நின்றது. அவர்கள் கொடுத்த குண்டைக் கன்னத்தோடு ஒட்டினாள். எறிந்தாள்.

குண்டு, வீட்டு வாசலில் தேங்காய் உடைப்பதுபோல, பக்கத்திலேயே விழுந்தது.

கூட்டத்தில் யாரோ "அச்சச்சோ" என்றார்கள். மச்சினன் என்னைப் பார்த்தான். இரண்டாவது முறையும் அதே கதைதான். தாரணி திரும்பி எங்களைப் பார்க்கவேயில்லை; தன் உள்ளங்கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். மொத்தம் மூன்று வாய்ப்பு. மிச்சம் ஒன்று. எனக்கு மாப்பிள்ளையின் முகம் தெரிந்தது. டியூசன் டீச்சரின் முகமும் தெரிந்தது.

நான் சும்மா இருப்பேனா? தடுப்புக் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கிவிட்டேன். கையில் பை. பையில் நான் வார்த்த குண்டு.

"ஏனுங்க சார், உங்க குண்டுல என்னமோ தப்பு இருக்குதுங்க. எடை சாஸ்தி. நான் பவுண்டரிக்காரன், பாத்தாலே தெரியும். என்ற பேத்தி இதுல எறியட்டுமுங்க" என்று நடுவரிடம் நீட்டினேன்.

நடுவர் நல்ல மனிதர். "அப்புடீங்களா? உக்காருங்க பெரியவரே, எடை போட்டே பாத்துடலாம்" என்று தராசை எடுத்துவரச் சொன்னார். அதுவும் எப்படி? மைக் வைத்திருந்த மேஜை மேலேயே. முதலில் அவர்களுடைய குண்டு: சரியாக மூன்று கிலோ. பிறகு என்னுடையது. அந்த முள் ஏறியது, ஏறியது, மூன்றைத் தொடுவதற்கு முன்பே களைத்துப்போய் நின்றுவிட்டது.

மைக் ஆன் செய்திருப்பதை அவர் மறந்திருந்தார்.

"ஐயா, உங்க குண்டுதானுங்க முக்கால் கிலோ கம்மி!"

மைதானம் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் நீளம் தாண்டிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை பாதியில் நின்று திரும்பிப் பார்த்தது. சிரிப்பு முதலில் ஒரு மூலையில் கிளம்பி, அலை மாதிரி சுற்றி வந்து, கடைசியில் எங்கள் டெம்போக் கூட்டத்திலேயே வந்து நின்றது. மச்சினன்தான் அதிகமாகச் சிரித்தான். நான் என் குண்டை எடுத்து மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அப்போது தாரணி என்னிடம் ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அப்புச்சி, அப்படீன்னா எனக்குப் பலம் குறைஞ்சு போகலைங்களா?"

அந்தப் பிள்ளை அத்தனை நேரமும் தன்னையே குறை சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் தோளைப் பிடித்தேன். "இல்ல சாமி. குறைஞ்சது என்ற குண்டுதான்."

அவள் முகம் தெளிந்தது. கொஞ்ச நேரம் தன் கால்களைப் பார்த்தாள். "அப்ப மிஸ்ஸு சொன்னதுதான் சரிங்க. இது வெறும் கையில போவாதுங்க அப்புச்சி" என்று சொல்லிவிட்டு வட்டத்துக்குள் போனாள்.

மூன்றாவது முறை அவள் அவசரப்படவில்லை. முழங்காலை மடித்தாள். இடுப்பைத் திருப்பினாள். தரையிலிருந்து கிளம்பிய பலம் கால் வழியாக ஏறித் தோளுக்கு வந்து குண்டைத் தள்ளியது. முந்தைய இரண்டையும் கூட்டினாலும் இதற்குப் பக்கத்தில் வராது என்று நான் சொல்வேன். (சரசு, அவ்வளவெல்லாம் இல்லை என்பாள்.) முதல் இரண்டு பேருக்குள் வர அது போதவில்லை. ஆனால் பி.டி. மிஸ் கைதட்டியதை நான் பார்த்தேன்.

திரும்பும்போது டெம்போவில் பிளெக்ஸை மடித்து சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். தாரணிதான், "அப்புச்சி, அந்தக் குண்டை வெட்டிப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டாள். நேராகப் பவுண்டரிக்கு விட்டோம். மெஷினில் வைத்து இரண்டாக அறுத்தேன். உள்ளே ஒரு கொய்யாப்பழம் அளவுக்கு ஓட்டை. ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. பாசத்தில் திரும்பித் திரும்பி உருண்டதற்கு இதுதான் காரணம்.

எங்களோடு டெம்போவில் வந்திருந்த மாப்பிள்ளை அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து என் முன்னால் பல்லைக் காட்டாத மனிதர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின், மகளைப் பார்த்தார்.

"படிக்க வெச்ச பாடம் ஒண்ணு, கேள்வித்தாள் வேற ஒண்ணு. இந்தப் பரீட்சை செல்லாதுங்க மாமா. அடுத்த வருசம் மறுபடியும் எழுதட்டும்."

தாரணி அவரைக் கட்டிக்கொண்டாள். நான் இரும்புத் தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லி வெளியே போனேன்.

அடுத்த குண்டை ரைசர் வைத்து வார்த்தேன். பட்டை பட்டையாகத் தழும்பு. சரசு விடவில்லை, மளிகைக்கடைக்காரர் தராசில் தெருவே பார்க்க எடை போட்டபிறகுதான் வீட்டுக்குள் விட்டாள். பயிற்சியின்போது நான் செங்கல் மட்டும் வைப்பேன். வாயைத் திறந்தால், "அப்புச்சி, காலு" என்பாள் தாரணி. மூடிக்கொள்வேன்.

அடுத்த வருஷம் ஜில்லாவில் இரண்டாவதாக வந்தாள். மாநிலப் போட்டிக்குப் போனாள். டெம்போவும் கிடையாது, பிளெக்ஸும் கிடையாது. மாப்பிள்ளையும் நானும் ரயிலில் பேசாமல் போனோம். (அவர் பேசாமல் வந்தார். நான் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொஞ்சம் பேசினேன்.) மூன்றாம் இடம். கழுத்தில் பதக்கத்தோடு வந்தாள்.

அறுத்த குண்டின் ஒரு பாதி இன்றும் எங்கள் வீட்டு ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது. பவுண்டரியில் எவ்வளவு பெரிய ஆர்டர் வந்தாலும், நான் பெருமை பேச ஆரம்பித்தால், யாராவது ஒருவர் எழுந்துபோய் அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிடுவார்கள். மச்சினன் மகளைப் பெண் பார்க்க வந்த சம்பந்தி முன்னால்கூட வைத்தார்கள்.

தாரணி பதக்கத்தோடு வீட்டுக்கு வந்த அன்றும் அப்படித்தான். பதக்கத்தைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமுங்க, பித்தளையா இருக்காது, உள்ளே தங்கம் கலந்திருக்கோணும்" என்று ஆரம்பித்தேன். தாரணி எழுந்துபோய் அந்தப் பாதிக் குண்டை எடுத்துவந்தாள். பதக்கத்தை என் கையிலிருந்து வாங்கி, அந்த ஓட்டைக்குள் வைத்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்துகொண்டது.

"ஓட்டை அடைஞ்சுபோச்சுங்க அப்புச்சி" என்றாள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சரசு முந்திக்கொண்டாள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எதுக்கும் ஒருக்கா எடை போட்டுப் பாத்துக்கங்க" என்றாள்.