எண்ணிக்கோ அக்காவும் நான் அடித்த நாலும்

வயதைக் கேட்டால் கோபப்படாமலும் பொய் சொல்லாமலும் பதிலும் சொல்லாமலும் தப்பித்த ஒரே பெண்மணி, சிவகாசி வட்டாரத்திலேயே எங்கள் எண்ணிக்கோ அக்காதான்.

"பொறந்த வருசத்தச் சொல்றேன், நீங்களே எண்ணிக்கோங்க சார். வயச எழுதி வச்சா அடுத்த வருசமே பொய்யாப் போயிரும்."

எம். புதுப்பட்டிக்காரர். நான் மேனேஜராக இருந்த பட்டாசுக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுத வந்தவர். எத்தனை டீ என்று கேட்டால், "தலைய எண்ணிக்கோங்க" என்பார். பசிக்கிறதா என்று கேட்டால், "காலையில ரெண்டு இட்லி. இப்ப மணி ஒண்ணு. எண்ணிக்கோங்க!" அவரைவிட இருமடங்கு வயதான நானும் அவரை அக்கா என்றுதான் அழைத்தேன்.

அவர் எழுதிய புரோகிராமும் அவரைப் போலத்தான். மருந்து அடைக்கும் அறையில் நாலு பேருக்குத்தான் அனுமதி. போகிறவர்கள் வழியிலுள்ள இயந்திரத்தில் அட்டையைத் தொட்டால் பெயர் ஏறும். திரும்பும்போது தொட்டால் இறங்கும். உள்ளே எத்தனை பேர் என்று அது எங்கும் எழுதி வைக்காது. கேட்கிற நிமிடத்தில் பெயர்களை எண்ணிச் சொல்லும். அந்த வேலைக்கு கெட்டர் என்று பெயராம்.

தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்தது. அந்த அறையில் நான் ஆறு பேரை உட்கார வைத்தேன். ஆபீஸ் திரையும் ஆறு என்றே சொன்னது. சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்ததும் அக்காவை அழைத்தேன்.

"அக்கா, திரையில நம்பர் வர்ற அந்தக் கட்டத்துல நாலுன்னு அடிக்க வழி பண்ணுங்க."

"அது எண்ணி வர்ற நம்பரு சார். அடிக்க எடம் கெடையாது."

"வழி இருக்கா, இல்லையா?"

"இருக்கு. அடிக்கிற நம்பர வாங்கிக்க செட்டர்னு ஒண்ணு எழுதணும். ஆனா நாலுன்னு அடிச்சா நெசமாவே நாலாகணும். சம்மதமா?"

'இருக்கு' என்றதோடு என் காது மூடிக்கொண்டது. "எழுதுங்க, எழுதுங்க" என்றேன்.

அதிகாரி வந்தார். அவர் டீ கிளாஸைக் கையில் எடுத்த நேரம் பார்த்து நாலு என்று அடித்தேன். உடனே முற்றத்து ஒலிபெருக்கியில் அக்காவின் குரல், ஒவ்வொரு பெயராக முன்பே பதிவு செய்து வைத்தது, ஊருக்கே கேட்கும்படி முழங்கியது.

"மாரியக்கா, முத்துலட்சுமி மதினி! ரெண்டு பேரும் வெளிய வாங்க. உள்ள நாலு பேருதான் இருக்கணும்!"

கடைசியாக உள்ளே போன இருவர் அவர்கள். கையில் ஒட்டிய அலுமினியப் பொடியோடு ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். "எங்களயா கூப்ட்டீக?"

அதிகாரி கிளாஸைக் கீழே வைத்தார். "வாங்கம்மா. உங்களத்தான் பாக்க வந்தேன்."

அறைக்குச் சீல் விழுந்தது. அன்று மாலையே அக்காவை வேலையைவிட்டு நீக்கினேன்.

"எம்மேல கோவம்னா சரி சார். அந்த செட்டர மட்டும் மாத்தீராதீக" என்றார் போகும்போது.

மாற்றினேன். வேறொருவரை வைத்து, எதை அடித்தாலும் அப்படியே ஏற்கும் கட்டமாக்கினேன். அபராதம் கட்டி அறையைத் திறந்தபின், அடுத்த இரண்டு சீசனும் திரையில் நாலு, அறையில் ஆறு. ஒன்றும் நடக்கவில்லை. ஆறு உயிர்களை அதிர்ஷ்டத்தின் கையில் கொடுத்துவிட்டு, அதைத் திறமையான நிர்வாகம் என்று என் ஓய்வு விழாவில் பேசவும் செய்தேன். கை தட்டினார்கள்.

போன வருடம் முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர், "அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க" என்றார். சாத்தூரில் அக்காவைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"அது கெடக்கட்டும் சார். இப்ப உள்ள எத்தன பேரு?"

எனக்குத் தெரியவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார்.

சென்ற வாரம் விஸ்வநத்தத்தில் இருக்கும் அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தேன். மாரியக்காவிடம் இரண்டு வார்த்தை பேசலாம் என்று அறைப்பக்கம் போனால், அக்கா குறுக்கே கையை நீட்டினார்.

"உள்ள நாலு பேரு இருக்காக. நீங்க அஞ்சாவது ஆளு. அங்கனயே நில்லுங்க."

"வெயில்ல நிக்காரே, பாவம்!" என்றது மாரியக்காவின் குரல்.

"நிக்கட்டும்."

நின்றேன். சற்று நேரத்தில் அக்காவின் குடை மட்டும் என் பக்கம் நீண்டது. அதை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்க மனம் வரவில்லை.