முதல் வாரத்தில் வெட்டிய இரண்டு வரி

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழில் 'கல்லிலிருந்து கணினி வரை' என்ற தொடரை எழுதிவரும் அடியேன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் வீட்டாரும் அலுவலகத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் அக்கா சுகம். குளியலறைக் குழாய் வழக்கம்போல் சொட்டிக்கொண்டிருக்கிறது. நான் சுகமில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை. வெளியே தலைகாட்ட முடியாத வெட்கம். ஆகையால் இத்தொடரிலிருந்து என்னை விடுவித்து, கீழே நான் கேட்கும் மன்னிப்பை அரைப் பக்கத்துக்காவது அச்சிட வேண்டுகிறேன். அக்கா புருஷன் என்று பார்க்க வேண்டாம். பார்த்ததால்தான் இந்தத் தொடரே வந்தது.

கற்காலத்தில் ஒருவனைக் கொண்டுபோய் விட்டால், வெறுங்கையோடு தொடங்கி இன்றைய சாதனங்களை எல்லாம் அவனே எப்படிச் செய்துகொள்வது என்று வாரம் ஒன்றாகச் சொல்லிவந்தேன். முதல் வாரம் நெருப்பு, இரண்டாம் வாரம் மண்பானை, பன்னிரண்டாம் வாரம் இரும்பு, முப்பதில் நீராவி எந்திரம், போன வாரம் நாற்பத்தேழில் வானொலி. இதில் எதையும் நான் செய்து பார்த்ததில்லை. பாடப்புத்தக அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புத் திருத்தியவன் நான். இரும்பு உலையைப் பற்றி எட்டுப் புத்தகங்களில் பிழை திருத்தியிருக்கிறேன். உலையை ஒருதரம்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. உங்கள் அக்கா ஒருநாள், "நாகரிகத்தையே கட்டி எழுப்புறீங்க, அந்தக் குழாய் சொட்டுறதை நிறுத்துங்களேன்" என்றாள். அடுத்த வாரம் நீராவி எந்திரம் இருக்கிறது, குறுக்கே பேசாதே என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றார். இரண்டு தெரு தள்ளித் தையற்கடை வைத்திருப்பவர். கையில் ஒரு துணிப்பை. வாசகர் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலி போட்டேன், மின்விசிறியைச் சுற்றவிட்டேன், வானொலியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவும் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவர் பையிலிருந்து ஒரு பலகையை எடுத்து மடியில் வைத்தார். பலகை முழுக்கக் கருகிய குழிகள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தொன்பது.

"எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக் சார். வேலை போயிருச்சு. எட்டு மாசம் சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாரு. ஒரு துணியைச் சுத்திக் கொடுத்த பேப்பர்ல உங்க முதல் வாரம் இருந்துச்சு. அதைப் படிச்சிட்டு எழுந்து வந்து, ஒரு கட்டை வேணும்னு கேட்டாரு. அவரு வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை."

"நல்லது, நல்லது. இப்ப எந்த வாரத்துல இருக்கார்?"

"முதல் வாரத்துலதான் சார். பதினொரு மாசமா. நெருப்பு வரல. மத்த வாரத்தையெல்லாம் பேப்பர்லருந்து வெட்டி அடுக்கி வச்சிருக்காரு. முதல்ல இது, அப்புறம்தான் பானைங்கிறாரு. நேத்து, என் கையில இனிமே எதுவும் வராதுன்னு சொல்லிட்டுப் பலகையைத் தூக்கிப் போட்டுட்டாரு. நீங்க ஒரு தடவை வந்து செஞ்சு காட்டினீங்கன்னா போதும்."

நாளைக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த வாய் இருக்கிறதே, மாப்பிள்ளை, இதை என்ன செய்வது.

அவர் போனதும் மொட்டை மாடிக்கு ஏறினேன். நான் எழுதியதை நானே எதிரில் விரித்து வைத்துக்கொண்டு, பலகையில் குழி தோண்டி, அதில் குச்சியை நிறுத்தி, வளைந்த கம்பில் கட்டிய வில்லின் கயிற்றைக் குச்சியில் ஒரு சுற்றுச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தேன். 'பத்தே நிமிடத்தில் கங்கு பிடிக்கும்' என்று எழுதியிருந்தது. எந்த மடையன் எழுதினான் என்று வாய்விட்டுத் திட்டிய பிறகுதான் நினைவு வந்தது. ஒரு மணி நேரத்தில் கை கொப்பளித்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது, குச்சி தெறித்துப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வைக்குள் போய் விழுந்தது. உங்கள் அக்கா படியில் நின்று, "புகை வருதா?" என்றாள். வருகிறது என்றேன். "அது அவங்க வீட்டு அடுப்பு" என்று சொல்லி, என் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

எங்கேயோ உதைக்கிறதே என்று முதல் வாரத்தின் கைப்பிரதியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டு வரி கூடுதலாக இருந்தது. 'குழியிலிருந்து பலகையின் விளிம்பு வரை ஒரு சிறு வெட்டுப் போட்டுக்கொள்ளவும். கருகிய தூள் அதில் இறங்கிச் சேர்ந்தால்தான் கங்கு பிடிக்கும்.' அந்த வெட்டு இல்லாமல் ஆயுள் முழுக்கத் தேய்த்தாலும் நெருப்பு வராது. அந்த வாரம் இரண்டு வரி அதிகம், குறைத்துக் கொடுங்கள் என்று நீங்கள் சொல்லியனுப்பினீர்கள். நான் இந்த இரண்டு வரியை அடித்துவிட்டு, குகைக்காரன் மனைவி, 'நெருப்பைக் கண்டுபிடிச்சீங்க, சரி, அணைக்கிறதை யாரு கண்டுபிடிப்பா?' என்று கேட்கும் நகைச்சுவையை வைத்துக்கொண்டேன். அதுவும் இரண்டு வரிதான். ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் சிவப்பு மையால் சுழித்தவன் நான்.

இதுவரை சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வீர்கள். மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சட்டைப்பையில் உங்கள் அக்காவின் தீப்பெட்டி. மெக்கானிக் முகம் திருப்பும் நேரம் பார்த்து உரசிவிடலாம் என்றுதான் எடுத்துப் போனேன், உங்களிடம் மறைப்பானேன். துணிக் குவியலுக்கும் தையல் எந்திரத்துக்கும் நடுவில் அந்த மனிதர் சட்டென்று எழுந்து நின்றார். இரண்டு உள்ளங்கையும் காய்த்துப் போயிருந்தன. "அந்தக் குகைக்காரன் பொண்டாட்டி ஜோக்கு நல்லா இருந்துச்சு சார்" என்றார். பிறகு கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டு, "நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. என் கைதான் போயிருச்சு" என்றார். அந்த நேரத்தில் நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு வார்த்தை: வெட்டு. அது தெரிந்தேதான் போயிருந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "பழகப் பழக வந்துடும்." சொல்லிவிட்டு, இடுப்பு வலிக்கிறது, இன்னொரு நாள் செய்து காட்டுகிறேன் என்று வந்துவிட்டேன். தெருமுனை வரை அந்த அம்மாள் கூடவே வந்து வழியனுப்பினார்.

முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வக்கில்லை. ஆகவே நீங்கள் அச்சில் சொல்லிவிடுங்கள்: 'முதல் வாரத்தில் நெருப்பு வராததற்கு வாசகர்களின் கை காரணமல்ல. எழுதியவர் இரண்டு வரியை மறைத்துவிட்டார். அவர் வெட்கப்படுகிறார். இனி எழுதமாட்டார்.' பிழை இருந்தால் திருத்தவேண்டாம், அப்படியே போடுங்கள்.

தங்கள் இதழ் மேன்மேலும் ஓங்குக. தங்கள் மனைவி நலத்தையும் குழந்தைகள் படிப்பையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
நேற்று வரை தங்கள் கட்டுரையாளனும் இன்றும் தங்கள் அத்தானுமாகிய நான்

பின்குறிப்பு: இதை உங்கள் அக்காவிடம் கொடுத்து, தபாலில் சேர்த்துவிடு என்றேன். அவள் பிரித்துப் படித்துவிட்டு, நேரே தையற்கடையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். இன்று காலை மெக்கானிக் ஒரு கையில் இந்தக் கடிதத்தையும் மறு கையில் பலகையையும் வைத்துக்கொண்டு வந்து நின்றார். பலகையில் முப்பதாவது குழி. அதன் ஓரத்தில் ஒரு வெட்டு. என் வாசற்படியிலேயே உட்கார்ந்து, தோள்பையிலிருந்து வில்லை எடுத்து இழுத்தார். புகை வந்தது, தூள் சிவந்தது, தேங்காய் நாரில் வைத்து ஊதினார், பிடித்துக்கொண்டது. நெருப்பை அவர் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார். "அப்ப என் கை நல்லாத்தான் இருக்கு" என்றார்.

என் மேல் கோபமா என்று கேட்டேன். "ஆமா சார், ரொம்ப" என்றார். அதன் பிறகு ஸ்பேனர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, குளியலறைக் குழாயைக் கழற்றிச் சரிசெய்தார். இப்போது சொட்டுவதில்லை. கை கழுவிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து நாற்பத்தேழு வாரத்தையும் எடுத்து என் மேசைமேல் அடுக்கினார், பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி சார், ரெண்டாவது வாரத்துல எந்த வரியை வெட்டினீங்க?"

ஆகவே மாப்பிள்ளை, நான் விலகுவதாகச் சொன்னதைச் சற்று நிறுத்தி வையுங்கள். அந்த அரைப் பக்கமும் போதாது.